சுருட்டித் திணித்த மூன்றாவது வயர்

என் தங்கை வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘ரிப்பேர்’ என்றுதான் பெயர். பஸ் ஓட்டுவது தொழில். வீட்டுக்கு வந்துவிட்டால் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத்தான் இருப்பார். ஆள் வைத்து வேலை பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். குழாயோ மிக்ஸியோ, தானே பிரித்துப்போட்டு, மூட்டும்போது இரண்டு ஸ்க்ரூவை மிச்சம் வைப்பார். "கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருக்கான்" என்று வாய் கூசாமல் சொல்வார்.

அந்த வாய் போன வருஷம் அடைத்துப்போயிற்று. பக்கவாதம். வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

அது பழைய மாடி வீடு. தங்கை மாடியில் தையல் மெஷினில் துணி தைக்கிறாள். அது ஓடினால்தான் அடுப்பு எரியும். கீழே கட்டிலில் கிடப்பவர் மணியடித்தால் மெஷின் சத்தத்தில் கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். படிக்கட்டு விளக்குக்கு இரண்டு சுவிட்ச், கீழ்த்தளத்தில் ஒன்று, மாடியில் ஒன்று. கீழ் சுவிட்ச் அவர் தலைமாட்டில். இடது கையால் அதைத் தட்டினால் மெஷினுக்கு எதிரே விளக்கு எரியும், அவள் விழுந்தடித்து ஓடி வருவாள்.

கொஞ்ச நாளில் விளக்கு ஏமாற்ற ஆரம்பித்தது. அவளாக இறங்கி வந்து பார்த்தால் படுக்கை நனைந்து கிடக்கும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சாப்பாடு ஊட்டப்போனால் வாயைத் திறக்கமாட்டார்.

"கூப்பிட்டா வேணும்னே வரலன்னு நெனைச்சுட்டாருக்கா. இப்படியே சாப்பிடாம கெடந்தா செத்துருவாருக்கா" என்று அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ என்ன மேல உக்காந்து காத்தா வாங்குற? நல்லா இருக்குடி அவரு நியாயம்!" என்று கத்திவிட்டு, நானே போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன்.

அவர் பல்பை மாற்றிப் பார்த்தார். மேல் சுவிட்சைக் கழற்றி மாட்டினார். விளக்கு ஒரு சமயம் எரிந்தது, ஒரு சமயம் எரியவில்லை. கடைசியில் மெயினை அணைத்துவிட்டுத் தலைமாட்டுச் சுவிட்சைத் திறந்தார்.

"அக்கா, மாடிப்படிக்கு, மேலயும் கீழயும் போட்டு அணைக்க, மூணு வயர் மாட்டுற டூவே சுவிட்ச் போடணும். இதுல சாதா சுவிட்சைப் போட்டு, மூணாவது வயரைச் சுருட்டி உள்ள திணிச்சிருக்காங்க. மேல ஒருதரம் அணைச்சுட்டா, மறுபடி மேல தட்டுற வரைக்கும் கீழ எவ்வளவு தட்டினாலும் எரியாது. யாரு மாட்டினது?"

தங்கைக்கு முகம் வெளுத்துப்போனது. "ஐயோ! மொதல்ல கீழ வந்துதான் அணைப்பேன். இப்பல்லாம் வெளக்கப் பாத்ததும் சில சமயம் மேலயே அணைச்சுட்டு ஓடி வருவேன்."

யார் மாட்டியது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தினாள். "பழைய வீடுங்க. முன்னால குடியிருந்தவங்க யாராவது போட்டிருப்பாங்க" என்றாள்.

கட்டிலில் இருந்தவர் இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

எலக்ட்ரீஷியன் புது சுவிட்சை மாட்டி, மேலும் கீழும் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தன தடவைங்க கூப்பிட்டீங்க?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு கை சுவிட்சுக்குப் போனது. படிக்கட்டில் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. கண்ணீர் காதுப்பக்கம் வழிய வழியத் தட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை.

"போதுங்க, போதும்" என்று அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.