கனடாச் சப்பாத்து

“நான் பழக்கின பிள்ளை ஒண்டும் ஓட்டத்துக்கு நடுவிலை நிண்டதாச் சரித்திரம் இல்லை” என்று சோமசேகரம் ஒலிவாங்கியைப் பிடித்துச் சண்டிலிப்பாய் முழுக்கக் கேட்கச் சொன்னபோது, அவரிடம் பழகியவர்கள் ஒன்பது பிள்ளைகள். சரித்திரத்தின் வயது நான்கு மாதம்.

கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுப்பவர் அவர். பின்னேரங்களில் விளையாட்டுக் கழகத்தின் பயிற்றுநர், அறிவிப்பாளர். பயிற்றுநர் பதவிக்கு அவரிடமிருந்த தகைமை ஒரு விசில். ஆனாலும் குறை சொல்லக்கூடாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவார். தார் ரோட்டில் விடமாட்டார், புல்லில்தான் ஓட்டம். முதலில் நடை, இடையில் தண்ணீர். கால் நோகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓய்வு.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் கனடாவிலிருந்து பெட்டி வந்தது.

உள்ளே ஒன்பது சோடி சப்பாத்து. அனுப்பியவர் கழகத்தின் பழைய உறுப்பினர்; அந்த நாட்டுப் பிள்ளைகளின் பாதத்தை மனதில் வைத்து வாங்கியிருக்க வேண்டும். பத்து வயதுத் தாரிகாவின் கால் அதற்குள், வெறும் பஸ்ஸில் தனியே போகும் பயணியைப் போல இருந்தது. சோமசேகரம் பழைய பத்திரிகையைக் கசக்கி முன்னுக்குத் திணித்தார். அனுப்பியவரே கழகத்தின் வருடாந்த ஓட்டப் போட்டிக்குப் பிரதம விருந்தினராக வருகிறார். அதுவரை ஒருவரும் சப்பாத்தில்லாமல் ஓடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரே.

மூன்றாம் நாள் தாரிகா வந்து நின்றாள்.

“மாமா, குதிக்கால் உரஞ்சுது. வெறுங்காலோடை ஓடட்டோ?”

“உது புதுச் சப்பாத்தின்ரை குணம். ரெண்டு நாளிலை படிஞ்சிடும்.”

“படியாட்டி?”

“படியும். நிக்கிற பிள்ளை எங்கடை கழகத்திலை இல்லை.”

அவளுடைய காலுறையின் பின்பக்கம் சிவந்திருந்ததைக் கண்டார். கண்டுகொண்டே விசிலை ஊதினார்.

அடுத்த நாள் கடையில், ஒரு கிலோ அரிசி கேட்டவருக்கு ஒன்றரைக் கிலோ நிறுத்தார். தாரிகாவின் தாய் பிரதீபா வந்ததும் தராசைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அண்ணை, இவள் ஏன் கெந்திக் கெந்தி நடக்கிறாள்? கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை.”

“ஓடுற பிள்ளையளுக்கு உதெல்லாம் வரும்.”

“சரி, உங்களிட்டை விட்டபடியால் எனக்குப் பயமில்லை.”

ஏசியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

போட்டியன்று பிரதம விருந்தினர் பந்தலுக்குள் இருந்து ஒன்பது சோடியையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானூறு மீற்றர். கடைசி வளைவில் தாரிகா இரண்டாவது. இடது கால் இழுபட்டது. வெள்ளைச் சப்பாத்தின் பின்பக்கம் சிவப்பு.

“எங்கள் வீராங்கனை தாரிகா...” என்று தொடங்கிய அறிவிப்பு அதற்கு மேல் போகவில்லை. சோமசேகரம் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டுக் கயிற்றுக்குக் கீழாகக் குனிந்து மைதானத்துக்குள் போனார். அவள் வரும் வழியில் கையை விரித்தபடி நின்றார்.

“நில்லு பிள்ளை.”

“கோடு கிட்டத்தான் கிடக்கு, மாமா.”

“கிடக்கட்டும். நில்லு.”

“நிக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே...”

“ஓம், நான்தான் சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அவர் முழந்தாளிட்டுச் சப்பாத்தின் வாரை அவிழ்த்தார். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. பந்தலிலிருந்து விருந்தினர் எழுந்து வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

“சப்பாத்து பெரிசு, ஐயா. எனக்கு முதல் நாளே தெரியும்.”

பிரதீபா தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வருவது தெரிந்தது. சோமசேகரம் தலையை நிமிர்த்தவில்லை. மற்றப் பிள்ளைகள் ஓடி முடித்துவிட்டு, முதலாவது யார் என்று சொல்ல ஆளில்லாமல் கோட்டடியில் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.