இருபத்து மூன்று பேர் வீட்டில் ஒரு புத்தகம்

ஜப்பான்காரன் பட்டணத்தின் மேல் குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு கிளம்பிய வருஷம் எனக்குப் பத்து வயது. பட்டாபிராம் ஸ்டேஷனில் எந்த ரயில் நின்றாலும் பெட்டியும் படுக்கையும் அழுகிற பிள்ளைகளுமாக ஜனங்கள் இறங்கினார்கள். அப்படி இறங்கியவர்களில் பதினான்கு பேர், ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அவள் பிள்ளைகள், அவள் ஓரகத்திகள், அவர்கள் பிள்ளைகள். நாங்கள் ஏற்கெனவே ஒன்பது பேர். ஆக இருபத்து மூன்று பேர். ஒரு கூடம், மூன்று அறை, ஒரு கிணறு.

குண்டு விழவில்லை. ஆனால் அந்தப் பயத்தால் எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது.

அத்தை கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகளில் ஒன்று அவளுடையது அல்ல. பட்டணத்தில் மாடி வீட்டில் குடியிருந்த அம்மாள், பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பியது. வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று, பட்டுப் புடவைகள் மூன்று, அவற்றுக்கு அடியில் அந்தப் புத்தகம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரம் தவறாமல் கத்தரித்துச் சேர்த்து, தைத்து, நீலத்துணி அட்டை போட்டு பைண்டு செய்திருந்தார்கள். செங்கல் கனம் இருந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே அதை வெள்ளி விளக்கைவிட மரியாதையாக நடத்தினாள்.

“மாடி ஊட்டம்மா இத்தப் படிச்சிட்டு ரெண்டு நாளு சோறு துன்னாம அய்துச்சு. ஒரு பக்கம் கிய்ச்சிட்டியானா நான் அவங்க மூஞ்சில முயிக்க முடியாது. நாங்க ஊருக்குப் போறப்ப என் கைல குட்த்துடணும்” என்று சொல்லி, என் கைகளை முகர்ந்து பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுத்தாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீட்டுப் பெண்களில் எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆறாம் வகுப்புக்கு ரயிலேறிப் போக வேண்டும். போகலாமா கூடாதா என்பதைப் பெரியப்பா இன்னும் சொல்லவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு என்னை அனுப்ப ஆசை. ஆனால் அவர் தன் அண்ணன் எதிரே உட்கார்ந்துகூடப் பேச மாட்டார்.

புத்தகம் கைக்கு வந்துவிட்டது. படிக்கத்தான் இடம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்தால் யாராவது ஒரு கைக்குழந்தையை என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போவார்கள். கிணற்றடிக்குப் போனால் தவலையும் கயிறும் காத்திருக்கும். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்தேன். பட்டணத்துப் பிள்ளைகள் அதைக் கண்ணாமூச்சி என்று எண்ணி என்னைக் கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். நாலு நாளில் மூன்று பக்கம்தான் படித்திருந்தேன். அந்த மூன்று பக்கத்திலேயே மரகதம் என்கிற பெண்ணின் அப்பா செத்துப் போய், அவளுடைய சித்தப்பா கொத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுவிட்டார். அதற்கு மேல் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள்தான் குதிர் ஞாபகம் வந்தது.

கடைசி அறையில் நெல் கொட்டி வைக்கும் மண் குதிர்கள் மூன்று இருந்தன. இருபத்து மூன்று வாய்க்கு ஈடுகொடுத்து அதில் ஒன்று சீக்கிரமே காலியாகிவிட்டது. அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. உச்சிப் பொழுதில் அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் குதிரின் வாய்க்குள் அப்படியே விழும். ஒரு பழைய முக்காலியை உள்ளே போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த உரலின் மேல் ஏறி உள்ளே குதித்தேன். வீட்டின் சத்தமெல்லாம் எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போல ஆகிவிட்டது. நெல் தூசியின் வாசனை. மடியில் மரகதம்.

ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். என்னைக் கூப்பிடுவது கேட்கும். முதல் குரலுக்கு அசைய மாட்டேன். மூன்றாவது குரலில் கோபம் ஏறியிருந்தால் மட்டும் முக்காலி மேல் ஏறி வெளியே வருவேன். பெரியம்மா என் தலையைத் தட்டிப் பார்த்து, “இன்னாடி இது, தலையெல்லாம் தூசு? எங்க பொரண்டுட்டு வர?” என்பாள். ராஜ்யத்தையே ஏமாற்றிவிட்டவள் போல நான் நிற்பேன்.

குதிருக்குள் இறங்கிய ஆறாம் நாள் மாட்டிக்கொண்டேன். கதையில் அந்தச் சித்தப்பா மரகதத்தை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டான். அவள் தான் வளர்த்த கிளியின் கூண்டைத் திறந்து, “நீயாவது போ” என்றாள். நான் என்னை மறந்து ஓவென்று அழுதுவிட்டேன். குதிருக்குள்ளிருந்து அழுகுரல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அத்தையின் கடைசிப் பிள்ளை, “குதிருல பேய் அய்வுது” என்று அலறிக்கொண்டு கூடத்துக்கு ஓடினான்.

பெரியப்பா கையில் மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு வந்து குதிருக்குள் எட்டிப் பார்த்தார். என்னையும் புத்தகத்தையும் தனித்தனியாக வெளியே தூக்கினார். அதற்குள் வீடே அறை வாசலில் கூடிவிட்டது.

“ஊடு முச்சூடும் ஆளுக்கொரு வேலையா பறந்துக்கினு கீது. நீ நெல்லு கொட்ற எடத்துல குந்திக்கினு கத படிக்கிறியா? இன்னும் ஆறாங்கிளாசு வேற போனியானா கெணத்துக்குள்ள எறங்கிப் படிப்ப போல கீது. போதும் படிச்சது.” புத்தகத்தை அத்தையிடம் நீட்டினார். “இந்தாம்மா, பொட்டில வச்சிப் பூட்டு.”

அம்மா கதவோரம் நின்றாள். அந்த வீட்டில் அவள் இளைய மருமகள். பேச வேண்டியவர்கள் வரிசையில் கடைசி. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

“பூட்டாதீங்க பெரியப்பா! ஏற்கெனவே மரகதத்தப் பூட்டி வச்சிட்டாங்க. அவ வெளிய வந்தாளான்னு தெரியணும்” என்று கத்தினேன்.

பெரியம்மாதான் கேட்டாள். “எவன்டி பூட்னான்?”

“அவ சித்தப்பா.”

“சித்தப்பனா? எதுக்கோசரம்?”

“அவ அப்பா செத்துட்டாரு. நெலம் முய்க்க அவ பேருலதான் கீது. கையெய்த்துப் போடச் சொல்லி சோறு போடாம வச்சிருக்காரு.”

“அட பாவி!” என்றாள் பெரியம்மா. “அவங்காத்தா இல்லியா?”

“பொறந்தப்பவே செத்துட்டாங்க.”

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “அதான் மாடி ஊட்டம்மா அப்டி அய்தாங்களா!”

பெரியம்மா புத்தகத்தை வாங்கி என் கையில் திணித்து, என்னைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் அந்த வருஷத்துப் புளி மலைபோலக் குவிந்திருந்தது. கொட்டை எடுக்கப் பெண்கள் எல்லாரும் அதுவரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். “குந்து. மொதல்லேர்ந்து படி. கேட்டுக்கினே புளி ஆஞ்சிடலாம்” என்றாள். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, “வேலதான நடக்கணும்? நடக்கும். நீங்க போங்க” என்றாள். பெரியப்பா ஏதோ முனகிக்கொண்டே வெளியே போய், கூடத்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு திரிக்க ஆரம்பித்தார்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. படித்து முடித்த இடத்தையெல்லாம் திரும்பப் படிக்க வேண்டும். அதுவும் உரக்க. வரிக்கு வரி ஒருத்தி குறுக்கே கேள்வி கேட்பாள். சாவியை ஏன் கொடுத்தாள், ஊரில் பெரிய மனிதர்கள் இல்லையா, எங்கள் பக்கமாக இருந்தால் இப்படி நடக்குமா என்று பாதிப் பொழுது வழக்கிலேயே போனது. ஆளில்லாத இடத்தில் தனியாகப் படிக்க ஆசைப்பட்ட எனக்கு ஊர்ச்சந்தையில் உட்கார்ந்து படிப்பது போல இருந்தது.

இரண்டாம் நாள் கேள்விகள் குறைந்தன. மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து நான் புத்தகத்தை விரித்ததும் கூடம் அடங்கிப் போயிற்று. அழப் பார்த்த குழந்தைக்கு உடனே பால் கொடுத்தார்கள். ஓடி விளையாடுகிற பிள்ளைகளை முறத்தைக் காட்டி விரட்டினார்கள். ரோட்டில் ராணுவ லாரி ஒன்று இரைந்துகொண்டு போனதற்கு, “கொஞ்சம் மெதுவா போனா இன்னா இவனுக்கு” என்று பெரியம்மா யுத்தத்தையே திட்டினாள். கொட்டை முறத்தில் விழுகிற ‘டக் டக்’ சத்தம் மட்டும் கேட்டது. மரகதம் புடவைகளை முடிந்து ஜன்னல் வழியாக இறங்கினபோது அதுவும் நின்றது. அத்தனை பேர் இருந்த அந்தக் கூடத்தில் என் குரல் ஒன்றுதான் இருந்தது. குதிருக்குள்கூட எனக்கு அப்படிப்பட்ட அமைதி கிடைத்ததில்லை.

அன்று முதல் மதிய வேளையில் யாரும் என்னைத் தண்ணீர் சேந்தச் சொல்லவில்லை. சாப்பிட்டதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, தலைவாரிப் பின்னி, முகம் துடைத்துவிடுவாள். கல்யாண வீட்டுக்கா அனுப்புகிறாள் என்று தோன்றும். பெரியம்மா அம்மாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு நாள் அத்தையின் ஓரகத்தி ஒருத்தி, “இந்தப் பொண்ணு யாருது?” என்று கேட்டபோது, அம்மா நிமிர்ந்து, “என்துதான்” என்றாள். கூடத்தில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் மாமா வந்தார். அத்தையின் புருஷன். பட்டணத்தில் கடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தவர். “குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனவன் திரும்பி வந்துகினு கீறான். நாளைக்குக் காலைல வண்டிக்கு எல்லாரும் கெளம்புங்க” என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கதையில் இன்னும் ஏழு அத்தியாயம் பாக்கி. மரகதம் கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு வேகமாகப் படித்தாலும் ஒரு பகலில் முடியாது. அத்தையோ புத்தகத்தை விட்டுவிட்டுப் போகமாட்டாள். கூடத்தில் யாருக்குமே முகம் சரியில்லை. நான் கொல்லையில் போய் நின்று அழுதேன்.

திங்கட்கிழமை காலை பெட்டிகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. பெரியப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து கையை உதறிக்கொண்டு வந்தார்.

“செவல நொண்டுது. கால் வைக்க மாட்டேங்குது. வண்டி பூட்ட முடியாது.”

“நேத்துகூட நல்லாத்தான இருந்துது?” என்றார் மாமா.

“நேத்து நல்லாதான் இருந்துச்சு. இன்னிக்கு நொண்டுது. வாயில்லாத சீவன், அத்தப் போயி கேள்வி கேக்க முடியுமா மாப்பிள? இத்தினி பொட்டியத் தூக்கிக்கினு பொம்பளைங்க நடப்பாங்களா? புதன்கெயம போவட்டும். நீங்க வேணும்னா மின்னாடி போங்க.”

மாமா கடையை நினைத்து, தனியாக நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார்.

எங்கள் வண்டி மாடு செவலையின் மேல் எனக்கு ஒரே இரக்கம். நான் அழுததைப் பார்த்துத்தான் அதற்குக் கால் வலி வந்ததோ என்றுகூடப் பயந்தேன். புளியும் மஞ்சளும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டால் வீக்கம் வடியும் என்று தெரியும். சட்டியில் காய்ச்சி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், “எந்தக் காலு பெரியப்பா?” என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முன்னங்காலு” என்றார். “எந்தப் பக்கம்?” “அதான்... சோத்தாங்கைப் பக்கம்.” நான் கவனமாகப் பற்றுப் போட்டுத் துணி சுற்றினேன். செவலை நிம்மதியாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. வலியை எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்களும் செவ்வாயும் தொண்டை கட்டும் வரை படித்தேன். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் மரகதம் கோர்ட்டில் எழுந்து நின்று, வக்கீல் வேண்டாம் என்று சொல்லி, தன் வழக்கைத் தானே பேசி, ஜெயித்தாள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து தொண்டையைக் கனைக்கிற சத்தம் வந்தது.

“அந்தச் சித்தப்பன இன்னா பண்ணாங்க? அத்தப் படிக்கலியே நீ.”

“அது இதுல போடல பெரியப்பா.”

“இன்னா கத எய்தறானுங்க! உள்ள தள்ளாம வுட்டுட்டானுங்களா?” பெரியப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி நடந்தவர் நின்று, திரும்பாமலே நைனாவைக் கூப்பிட்டார். “ஏன்டா, இதும் படிச்சா அந்த மாதிரி கோர்ட்டுல நின்னு பேசும். ஆறாங்கிளாசுக்குச் சேத்து வுடு.” நைனா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் விரலெல்லாம் புளி ஒட்டியிருந்தது.

புதன்கிழமை செவலை வண்டியைப் பறக்கவிட்டது. முத்தாபுதுப்பேட்டைப் பக்கமிருந்து வந்த வண்டிகளையெல்லாம் முந்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அத்தை புத்தகத்தைப் புடவைகளுக்கு நடுவே வைத்து, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “பாத்தீங்களா, என் பத்துலதான சரியாச்சு?” என்றேன்.

“ஆமா” என்றார் பெரியப்பா, மாட்டைப் பார்த்தபடியே. “ஒரே பத்துல சரியாயிடுச்சி. உனுக்கு நல்ல கைராசி.”

பள்ளிக்கூடம் திறந்து ரயிலில் போக ஆரம்பித்தபோது, புதிதாகச் சேர்ந்த தோழிகளிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஒரு பெரிய கதையை முழுசாக வாய்விட்டுப் படித்தேன் என்று சொல்லத் தோன்றவில்லை. நொண்டிய மாட்டை இரண்டே நாளில் ஓட வைத்தவள் நான் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.