லைல் கொடுத்த பத்துத் தோட்டா

லைல் ஆஸ்ட்ரெம் என் தாய்மாமன் மகன். மாமாவுக்கு இரண்டு தாரம். இவன் மூத்தவள் பிள்ளை. எல்க் மான் அடிக்கிற துப்பாக்கி இருபத்தாறு வருஷமாக அவனிடம் ஒன்றே ஒன்றுதான். தோட்டாவைக் கடையில் வாங்கவே மாட்டான். கராஜில் மேசை போட்டு, சுட்ட பித்தளைக் கூட்டைக் கழுவி, பொறி தட்டுகிற கேப்பு வைத்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தித் தானே செய்துகொள்வான். கொஞ்ச மருந்தில் தொடங்கி இம்மி இம்மியாக ஏற்றுவான். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று சுட்டு, கூட்டின் அடியைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பான், துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட் இறுகுகிறதா என்று பார்ப்பான். மருந்து மிஞ்சினால் அங்கேதான் தெரியும். சரியான அளவில் வந்து நிற்க ஒரு கோடை போய்விடும்.

அதை யாருக்கும் கொடுக்க மாட்டான். மொன்டானாவில் எங்கள் பக்கம் கையால் தோட்டா போடுகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான். ஆனால் லைல், பெற்ற அப்பன் கேட்டதற்கே, "என் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை இது, உனக்குச் சேராதுப்பா" என்றவன்.

அவன் பெண்டாட்டி வெர்னாவுக்கு ஒரே தம்பி, டுவேன் கிட்டில். மர ஆலையில் வேலை பார்த்தான். ஒரு வருஷம் வசந்தத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், ஃப்ரீசர் காலி. ஒரு மான் விழுந்தால் குளிர்காலம் ஓடிவிடும். அந்த வருஷம் பார்த்து எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கவில்லை. லைலுடைய அதே அளவுத் துப்பாக்கிதான் அவனிடமும் இருந்தது, ஆனால் புதுசு.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கேட்டான். "மச்சான், பத்தே பத்து குடு."

"துப்பாக்கிய இங்க கொண்டா. அதுக்குன்னு தனியா போட்டுத் தரேன். மூணு வாரம் ஆகும்."

"இன்னும் மூணு நாள்ல வேட்டை சீசன். மான மூணு வாரம் நிக்கச் சொல்லவா?"

வெர்னா தட்டை எடுத்தபடி சொன்னாள்: "விடுடா டுவேன். உங்க மச்சான் தோட்டாவ பாதிரியார வச்சு ஜெபம் பண்ணி வச்சிருக்காரு. நம்ம கை பட்டா பலிக்காது."

லைல் சிரித்தான். எழுந்து போய்ப் பத்தை எண்ணிக் கொடுத்தான். அவன் துப்பாக்கி சுட்டுச் சுட்டுக் குழாயில் குண்டு நுழைகிற தொண்டை தேய்ந்திருந்தது. அதற்காகக் குண்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்திருந்தான். புதுத் துப்பாக்கிக்கு அது நீளம். அவனுக்குத் தெரியும். நூலளவுதானே என்று நினைத்துவிட்டான்.

ஸ்கின்னர் ஓடைக்கு மேலே, விடிந்ததும் டுவேன் சுட்டான். வெடி பின்பக்கமாக முகத்தில் அடித்தது. மான் போய்விட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு நாலு மைல் தனியாக இறங்கி வந்தான். வலது கண் போச்சு.

அன்று காலையில் அவன் வழுக்கி விழுந்திருந்தான். குழாயில் பனி அடைத்திருக்கும், பார்க்காமல் சுட்டுவிட்டான் என்று ஊரே சொன்னது. காபிக் கடையில் "டுவேன் துப்பாக்கியால பனி அள்ளினான்" என்று கேலி வேறு.

லைல் ஆஸ்பத்திரிக்குப் போனான். டுவேன் சொன்னான்: "என் தப்புதான் மச்சான். குழாயப் பாக்கல. போல்ட் மூடுறப்பவே இறுக்கமாத்தான் இருந்துச்சு. அழுத்தி மூடிட்டேன்."

லைல் எழுந்தான். நேரே டுவேன் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைப் பார்த்தான். பனி அடைத்திருந்தால் குழாய் வீங்கியிருக்கும். வீங்கவில்லை. சுத்தியல் போட்டுத்தான் போல்டைத் திறக்க முடிந்தது. கூட்டின் அடி மெழுகு மாதிரி வழிந்திருந்தது. நீண்ட குண்டு புதுக் குழாயில் முட்டி நின்று, அழுத்தம் எகிறி வெடி பின்பக்கம் திரும்பியிருக்கிறது.

வெர்னாவிடம் சொன்னான். அவள் சொன்னதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "சொல்லாத லைல். தன்னாலதான்னு அவனே நெனச்சுக்கிட்டான். நீ சொன்னா எனக்குத் தம்பி இல்லாமப் போயிடுவான்."

மூன்று வாரம் சொல்லவில்லை. தினமும் டுவேன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே டுவேன் வண்டிச் சாவியைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, என்னை நம்பி எதையும் விடாதே என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வேலை கேட்டும் போகவில்லை. பிள்ளைகளுக்கு முகம் கொடுக்கவில்லை. அதைப் பார்த்துச் சகிக்காமல்தான் லைல் ஒரு நாள் அடுப்படி மேசையில் அவனை உட்காரவைத்துச் சொன்னான்.

"பனி இல்லையா?"

"இல்ல. என் குண்டு உன் துப்பாக்கிக்கு நீளம். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

டுவேன் சொன்னான்: "மூணு வாரமா நான் என்னையே காறித் துப்பிக்கிட்டுக் கிடக்கேன். நீ தெனம் வந்து உக்காந்து பாத்துட்டுப் போயிருக்க."

"ஆமா."

"வெர்னாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கெளம்பு, லைல்."

மறுநாள் டுவேன் கண்ணில் கட்டோடு சாவியை வாங்கிக்கொண்டு வேலை கேட்கப் போனான். பள்ளிக்கூட வண்டி ஷெட்டில் கிடைத்தது. வெர்னா ஆப்பிள் வைத்துப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். டுவேன் பெண்டாட்டி கதவைப் பாதி திறந்து, பலகாரத்தை வாங்காமல், "அவரு தூங்குறாரு" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் நிற்பது தெரிந்தது. வெர்னா அந்தப் பலகாரத்தோடு திரும்பி வந்தாள்.

லைல் அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தான். அடக்கத்துக்கு டுவேன் வரவில்லை. பெண் பிள்ளைகள் மட்டும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, அத்தையிடம் பேசாமல் போனார்கள்.