டீவி முழுக்க வந்த படம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். யார் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. மகளின் கல்யாண வீடியோவைத் தெல்தோட்டையில் இருக்கும் என் அண்ணனுக்குக் காட்ட, டிவிடியில் ஏற்றித் தரும்படி கண்டியில் ஒரு கடையில் கொடுத்தேன்.

"பழைய சதுர டீவியா? அப்ப மேலயும் கீழயும் கறுப்பா பட்டை விழும். டீவி முழுக்க வரணும்னா ரெண்டு ஓரமும் வெட்டுப்படும்," என்றார் கடைக்காரர்.

கறுப்புப் பட்டையைப் பார்த்தால் மட்டமான டிஸ்க் என்று அண்ணன் சொல்வாரே. "முழுக்க வரட்டும்," என்றேன். பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரமும் சேர்த்துத் தந்தார்.

அண்ணன் வீட்டில் படம் ஓடியது. மேடையில் நான் இருந்தேன், சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். ஓரத்தில் அண்ணனின் கை மட்டும் தெரிந்தது.

"என்னைய வெட்டிட்டுத்தான் படம் காட்ட வந்தியா?" என்றார் அண்ணன்.

"கைய விட்டு வச்சிருக்காருல்ல. மொய் குடுத்த கை," என்றார் அண்ணி.

"வெட்டினது கடைக்காரன் அண்ணே. இதுல முழுசா இருக்கீங்க, பாருங்க," என்று போனில் இருந்த வீடியோவைப் போட்டேன். அண்ணன் முழுதாகத்தான் நின்றார். ஆனால் அதில் பேச்சுச் சத்தமும் இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சம்பந்தி நிக்கட்டும்."

அது என் குரல்.

அண்ணன் டிஸ்க்கைக் கழற்றி என் கையில் வைத்தார். "கடைக்காரன் நல்லவன்டா," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கறுப்புப் பட்டைக்கு அத்தனை பயந்த நான், அண்ணனைத் தள்ளி நிற்கச் சொன்னபோது பயப்படவே இல்லை.