கடைசி வருடத்துக்கு வைத்த பாதை

இப்போது நான் முன்னாள் எம்எல்ஏ. மறுபடி சீட் தரவில்லை. வருத்தமா என்று கேட்கிறார்கள். வருத்தம் வருகிற இடம் அதற்கு முன்பே மரத்துப்போயிருந்தது.

என்னிடம் வந்த மனுக்களிலேயே சின்னது அப்பா கொடுத்ததுதான். அவர் எழுதித் தரவில்லை, வாயால் சொன்னார். ஜெயித்த வாரம் மாலையும் சால்வையும் கட்டிலில் குவிந்து கிடந்தன. ஓரமாக உட்கார்ந்து, "நம்ம சுடுகாட்டுக்கு ஒரு பாத மட்டும் போட்டு விட்ரு தாயி. நான் போறதுக்குள்ள போட்ருவியா?" என்றார். போட்டுவிடலாம் என்றேன்.

எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. யார் செத்தாலும் அடுத்தவர் வயலில் இறங்கித்தான் தூக்கிப் போக வேண்டும். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம், அது வழக்கம். அதனால் அந்த வழியை நான் பார்த்ததே இல்லை. திரும்பி வரும் ஆண்களின் காலில் அப்பியிருக்கும் சேற்றை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வயல்காரர் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி. அப்பா அவரிடம் கூலிக்குப் போனவர். முன்பு என்னை "ஏ புள்ள" என்றவர், இப்போது "வாங்கம்மா" என்றார். "ஓரமா எடுத்துக்கங்க. எழுதிக் குடுத்துர்றேன். நானும் எம்புட்டு நாளைக்கு இருக்கப் போறேன்?" அவரும் தயார், நிதியும் தயார். நான்தான் தயாராக இல்லை.

பயம்தான், வேறென்ன. பதவிக்கு வந்ததும் சொந்தத் தெருவுக்குச் செய்துகொண்டாள் என்று நாலு பேர் சொல்வார்களே. விசேஷ வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில் உட்காருவது போல, எங்கள் தெருவைக் கடைசி வருடத்துக்கு வைத்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். கண்மாய்க் கரை, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, பஸ் போகாத ஊருக்குப் பஸ் என்று அலைந்தேன். சட்டசபையில் கிடைத்த சில நிமிடங்களிலும் கண்மாயைப் பற்றித்தான் பேசினேன். வேறு ஊர்களுக்கு மயானப் பாதையும் போட்டேன். அதைத் திறந்து வைத்ததை அப்பா டிவியில் பார்த்தார்.

மூன்றாம் வருடம் வயல்காரர் இறந்துபோனார். மகன்கள் பங்குச் சண்டையில் இறங்கினார்கள். கையெழுத்துக் கேட்டால், "மொதல்ல எங்க பிரச்சன தீரட்டும்" என்றார்கள். சொந்தத் தெருவையே எட்டிப் பார்க்காத எம்எல்ஏ என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அது நியாயம்தான்.

அடுத்த ஐப்பசி மழையில் அப்பா போனார்.

நான் தெருமுனையில் நின்றேன். தம்பியும் மற்றவர்களும் பாடையோடு வயலில் இறங்கினார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ டவுனுக்குள் பழங்காநத்தம் டீக்கடை வரைக்கும் ஓடியிருந்தது. நானும் பார்த்தேன். தொடை வரைக்கும் சேறு. ஓரிடத்தில் பாடை சாய்கிறது, தம்பி தோள் மாற்றிக் கொடுக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை. யாருடைய அப்பாவையோ பார்ப்பது போலத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாளே அதிகாரிகள் வந்து நின்றார்கள். பயந்தோ வெட்கப்பட்டோ, வயல்காரர் மகன்களும் கையெழுத்துப் போட்டார்கள். தை பிறப்பதற்குள் சிமெண்ட் பாதை வந்துவிட்டது. கூடவே, "அப்பன் செத்ததும் தன் தெருவுக்கு ரோடு போட்டுக்கிட்டா" என்ற பேச்சும் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்குத் தெரியாத பழமொழியா? எந்தப் பேச்சுக்குப் பயந்து அத்தனை வருடம் தள்ளி வைத்தேனோ, அதே பேச்சு. கோபம்கூட வரவில்லை.

திறப்பு நாளில் பொறியாளர், "கடைசி வரைக்கும் நடந்து வாங்க மேடம், ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். தெருமுனையில் என் கால் தானாக நின்றது. பிறகு நடந்தேன். எரிமேடைத் தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர, ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுத் தூரந்தானாடா?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அன்னைக்கு ஒரு மணி நேரம் ஆச்சுக்கா" என்றான்.