காலி இடம்

கடலோர நகரமொன்றின் பழைய துறைமுகக் கரையைப் புதுப்பிக்கும் வரைபடத்தை, மைசூரில் என் அலுவலக மேசையில் விரித்தேன். அளவெடுத்து வந்தவர்களோடு கருவாட்டு வாசனையும் வந்திருந்தது. கார் நிறுத்துவதற்கு ஒதுக்கிய கரையில் ‘காலி இடம்’ என்று குறித்திருந்தார்கள்.

அம்மா அரசாங்க அலுவலகத்தில் பிளான் வரைந்தவள். ஏரிக்கரையை அளந்துவிட்டு வரும் நாட்களில் அவள் சேலையில் துணி வெளுக்கும் சவுக்காரம் மணக்கும். ஒருநாள் பள்ளி விட்டு, ஏரிக்கரை பிளான் விரிந்திருந்த அவள் மேசையருகே நின்றிருந்தேன்.

“அங்க ஒண்ணுமே இல்லையேம்மா, காலி இடம்னு போடுங்க,” என்றார் அதிகாரி.

“மத்தியானம் வந்து பாருங்க சார். துணி காயறப்ப கால் வைக்க இடமிருக்காது.”

சொல்லிக்கொண்டே ‘துணி காயும் களம்’ என்று எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

நான் ‘காலி இடம்’ என்பதை அடித்து, ‘மீன் காயும் களம்’ என்று எழுதினேன். கீழே என் பெயருக்கு முன்னால், அப்பாவின் இனிஷியலோடு முதன்முறையாக அம்மாவுடையதையும் போட்டேன்.