பிள்ளையார் மாற்றாமல் விட்ட நேர்ஸ்

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பா தரையில் இருந்தாராம். விழுந்துவிட்டார் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து பனிக்குள் காரை ஓட்டிக்கொண்டு, வழி முழுக்கத் திட்டித் தீர்த்தபடி போனேன்.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. நெஞ்சில் நீர் கட்டி, மூச்சுவிட முடியாமல் சேர்த்திருந்தோம். நீர் இறங்கக் காலையில் ஒரு மாத்திரை. இரத்தம் உறையாமலிருக்க இன்னொன்று. இந்த மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். அன்றைக்கு முழங்கை மட்டும் கன்றியிருந்தது. அடுத்த முறை தலையாக இருந்தால்?

அப்பாவைப் பார்த்துக்கொண்ட நேர்ஸின் பெயர் மரிசெல். ஐம்பது வயது இருக்கும். மருந்துக்கும் சிரிக்கமாட்டாள். வந்த முதல் நாளே கட்டிலை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டாள். அப்பாவின் காலில் வழுக்காத சொக்ஸ் மாட்டினாள். எழும்பினால் கத்துகிற அலாரம் ஒன்றைப் பூட்டினாள். கூப்பிடுகிற பெல்லைத் தலையணையோடு சேர்த்துக் குத்தினாள். மனிதரைக் கைதி போல மறியலில் அடைத்து வைத்திருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"இவ்வளவும் செய்தும் ஏன் விழுந்தார்? நீ எங்கே போனாய்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"அலாரம் கேட்டு ஓடிவந்தேன். அதற்குள் எழுந்துவிட்டார். அவர் பெல் அடிக்கவே இல்லை" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றே முறைப்பாடு எழுதிக் கொடுத்து, அவளை மாற்றச் சொன்னேன்.

அப்பாவையும் நான் விடவில்லை.

"எத்தினை தரம் சொன்னனான் அப்பா, இறங்க வேண்டாமெண்டு! பெல்லை அடிச்சால் என்ன குறைஞ்சா போவியள்?"

"ஓம் பிள்ளை" என்றார். வியாழக்கிழமை திரும்பவும் இறங்கினார். சரிந்துபோனவரை மரிசெல் இடுப்பில் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. பிள்ளையாரோடு சண்டை பிடித்தேன். "அப்பா இனி விழக்கூடாது. அந்த மனிசியையும் மாத்திவிடு. செய்யாட்டி உன்ரை வாசலுக்கு இனி நான் வரமாட்டன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் உருகி அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலை வார்டுக்குள் நுழைந்தால் அதே மரிசெல். நல்லாய்த்தான் கேட்டிருக்கிறார் பிள்ளையார் என் பிரார்த்தனையை, என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ நேரே என்னிடம் வந்தாள்.

"உங்கள் அப்பா தேநீருக்குப் பிறகுதான் எழும்புகிறார். நீர் மாத்திரை வேலை செய்கிற நேரம் அது. குளியலறை வரை நடக்க அவருக்கு மூச்சுக் காணாது. அதனால் அங்கேயே இருந்து சிறுநீர் கழிக்க, கட்டிலருகே கொமோட் கதிரை வைத்திருக்கிறேன். முதல் நாள் பெல் அடித்தார், அந்தக் கதிரையைக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு பெல்லைத் தொடவே இல்லை. காரணம் என்னவென்று கேளுங்கள்" என்றாள்.

"அப்பா, எத்தினை தரம் உங்களுக்கு..." என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி என்னை மறித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் குரல் தெரியும்.

"சொல்லாதீர்கள். கேளுங்கள்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் கேட்டேன். அப்பா எதிரே இருந்த மேசையைப் பார்த்தார். அங்கே நான் கொண்டுவந்து வைத்த பிள்ளையார் படம் இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி அதன் கீழே ஒட்டியதும் நான்தான்.

"அவருக்கு முன்னாலை என்னெண்டு பிள்ளை உந்தக் கதிரையிலை இருக்கிறது?"

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே அப்பா!"

"சாமியை அங்காலை தள்ளிவை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? பாவமெல்லே. நீயும் தொடக்கூடாதெண்டு எழுதி ஒட்டிப்போட்டாய்."

ஊரையெல்லாம் திட்டினேன். கடைசியில் அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்கியது நான் வைத்த படமும் ஒட்டிய தாளும்தான். அதை ஆங்கிலத்தில் மரிசெலுக்குச் சொல்லும்போது வெட்கத்தில் செத்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் தொடலாமா?" என்று கேட்டாள். நான் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். அவள் படத்தை இரண்டு கையாலும் தூக்கி, கட்டிலைச் சுற்றிய திரைக்கு அப்பால் ஜன்னலோரம் வைத்தாள். அப்பா முதல் முறையாக அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து தேநீர் முடிய அவளே வந்து, திரையை இழுத்துவிட்டு, அவரை எழுப்பி இருத்துவாள். மற்ற நேரங்களில் அப்பா பெல் அடித்தார். வீட்டுக்கு வரும்வரை ஒருநாளும் விழவில்லை. பதினோராம் நாள் வோக்கரைப் பிடித்துக்கொண்டு தானே கார் வரை நடந்து வந்தார்.

அடியார்களே, நான் பிள்ளையாரிடம் இரண்டு கேட்டேன். ஒன்றைத் தரவே இல்லை. தந்திருந்தால் என் அப்பா இன்றைக்கு இருந்திருப்பாரோ தெரியாது. கோபத்தோடு போனாலும் அவரிடம் போங்கள், அவர் கோபிக்கமாட்டார். நம்பிக் கேளுங்கள். உங்கள் ஆட்கள் கட்டிலில் கிடந்தால் அவர்களிடமும் கேளுங்கள். நான் அப்பாவிடம் கத்துவதை விட்டு இப்போது அதைத்தான் செய்கிறேன். முறைப்பாட்டையும் நானே போய்த் திருப்பி வாங்கினேன்.

மரிசெலை எனக்கு இன்றைக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் விளக்கேற்றும்போது அப்பாவின் பெயருக்கு அடுத்ததாக அவளுடைய பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.